ஐந்து ஸ்பீக்கர் உள்ள வீட்டில் பாட்டுக் கேட்பது: பதினைந்து மாத அனுபவம்

2022 பொங்கலை ஒட்டி எங்கள் வீட்டு ஹாலில் ஒரு 5.1 ஹோம் தியேட்டரை அமைத்தேன். ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் ஏவி ரிசீவருக்கு 46,000 ரூபாய், ஐந்து ஸ்பீக்கரும் கனத்த கீழ் ஒலிகளுக்கான சப் ஊஃபரும் சேர்ந்த செட்டுக்கு 52,000 ரூபாய், வயர் இழுத்துச் சுவரில் மாட்டிக் கொடுத்ததற்கு 6,500 ரூபாய் என மொத்தம் 1,04,500 ரூபாய் செலவாயிற்று. மாதச் சம்பளக்காரனான எனக்கு அது இரண்டு ஆண்டுச் சேமிப்பு. படம் பார்ப்பதற்காக மட்டும் அவ்வளவு பணத்தைப் போட்டிருக்க மாட்டேன். என் அப்பா பணி ஓய்வு பெற்று எங்களோடு அம்பத்தூரில் இருக்கிறார். மாலை ஆறு மணிக்கு மேல் பாட்டுக் கேட்பதுதான் அவருடைய பொழுது. முப்பது ஆண்டுகளாக ஒரே டூ-இன்-ஒன் செட்டில் கேட்டு வந்தவரை நல்ல ஸ்பீக்கர்களுக்கு முன்னால் உட்கார வைத்து, டி.எம். சௌந்தரராஜனையும் பி. சுசீலாவையும் கேட்க வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்த ஆசை நிறைவேறப் பதினைந்து மாதங்கள் ஆயின. இடையில் 24,000 ரூபாய்க்கு மேல் வீணாயிற்று. யாராவது ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் இந்த அலைச்சல் எதுவும் இருந்திருக்காது. எனக்குச் சொல்ல ஆள் இல்லாமல் போன அந்த விஷயங்களை, இதே செலவைச் செய்யப் போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதல் நாள் படம் போட்டுப் பார்த்தபோது குறை சொல்ல ஒன்றுமில்லை. மழை தலைக்குப் பின்னால் பெய்தது, கார் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் கடந்து போனது, வெடிச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மறுநாள் மாலை அப்பாவைச் சோபாவில் உட்கார வைத்துப் பாட்டைப் போட்டேன். பாடகரின் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. ஒரு வரி காதோரத்தில் கேட்டது, அடுத்த வரி பின்சுவரிலிருந்து வந்தது. வயலின்கள் எல்லாம் ஒரே இரைச்சலாகக் கலந்து கிடந்தன. படத்தில் அவ்வளவு அதிர்ந்த சப் ஊஃபர் பாட்டில் வாயே திறக்கவில்லை. தபேலாவில் வலந்தரையின் கிண்ணென்ற ஒலி மட்டும் இருந்தது, இடந்தரையின் கும்காரம் காணாமல் போயிருந்தது. நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நல்லாத்தான் இருக்குப்பா" என்றார். இரண்டு பாட்டு முடிந்ததும் எழுந்து தம் அறைக்குப் போனார். சிறிது நேரத்தில் அங்கிருந்து அந்தப் பழைய செட்டின் ஒலி கேட்டது. அவர் என் மனம் நோகக்கூடாது என்று சொன்ன அந்த ஒரு வார்த்தை எனக்கு எந்தக் குறையைக் காட்டிலும் வலித்தது.

அதற்குப் பிறகு நான் செய்தவை எல்லாம், குறை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் பொருளை மாற்றிய வேலைகள். முதலில் வயர் மட்டமானது என்று நினைத்து 4,800 ரூபாய்க்குத் தடித்த செம்பு வயரை வாங்கி மாட்டினேன். எந்த வேறுபாடும் இல்லை. அடுத்து, செல்பேசியிலிருந்து வரும் ஒலி சரியில்லை என்று எண்ணி, டிஜிட்டல் ஒலியை மாற்றித் தரும் டிஏசி என்ற சிறு கருவியை 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். நான்கு மாதம் கழித்து அதை 6,000 ரூபாய்க்கு விற்றேன். பிறகு, செட்டோடு வந்த முன் ஸ்பீக்கர்கள் கையளவுதான் இருக்கின்றன, அதனால்தான் பாட்டில் கனம் இல்லை என்று முடிவு செய்து, 34,000 ரூபாய்க்குப் பெரிய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை வாங்கினேன். கனம் சற்றுக் கூடியது. ஆனால் குரல் அலைவது நிற்கவில்லை. மனம் வெறுத்து அவற்றை 21,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். இதற்கெல்லாம் நடுவில், '5.1 டிடிஎஸ் பாடல்கள்' என்று எழுதி விற்ற ஒரு பென் டிரைவை 1,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இதைப் பற்றி மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் பழைய திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோவாகவோ (ஒரே தடம்) ஸ்டீரியோவாகவோ (இடது, வலது என இரண்டு தடம்) வெளிவந்தவை. அவற்றுக்கு மூலத்தில் ஆறு தடங்கள் கிடையாது. இரண்டு தடத்தைக் கணினியில் போட்டு, எதிரொலி சேர்த்து, ஆறாக விரித்துத்தான் அப்படி விற்கிறார்கள். நான் வாங்கியதில் பல பாடல்களில் முன்னால் கேட்டதே பின்னாலும் கேட்டது. அந்தப் பெயரைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்.

2023 ஏப்ரலில், ரிசீவரே பழுது என்ற முடிவுக்கு வந்து, அதைக் கழற்றி ஆட்டோவில் வைத்து, சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருப் பக்கம் எடுத்துப் போனேன். அங்கே நாற்பது ஆண்டுகளாக ஆம்ப்ளிஃபையர் அசெம்பிள் செய்யும் பெரியவர் ஒருவர், தம் மேசையின் இரு ஓரங்களிலும் இருந்த இரண்டு பழைய மரப் பெட்டிகளை ரிசீவரின் முன் இடது, முன் வலது முனைகளில் மட்டும் இணைத்தார். தம் செல்பேசியில் ஒரு பாட்டைப் போட்டார். அந்த இடுக்கான கடையில், சாலிடரிங் புகைக்கும் வெளியே வண்டிகளின் ஹாரனுக்கும் நடுவில், பாடகி எங்கள் இருவருக்கும் எதிரே வெறும் சுவர் இருந்த இடத்தில் நின்று பாடினாள். வயலின்கள் இடப்பக்கம் ஒதுங்கி நின்றன, புல்லாங்குழல் வலப்பக்கத்திலிருந்து வந்து போயிற்று, டோலக்கின் அடி வயிற்றில் இறங்கியது. "செட்டு நல்லா இருக்கு தம்பி. வீட்ல எத்தனை ஸ்பீக்கர் பாடுது?" என்று கேட்டார். ஐந்து என்றேன். "பாட்டுக்கு எதுக்கு அஞ்சு?" என்றார். கடையில் அடுத்த ஆள் நின்றதால் அதற்கு மேல் அவர் பேசவில்லை. நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அதே ரிசீவர், நான் வைத்திருந்த அதே அமைப்பு, இரண்டே ஸ்பீக்கர் என்ற நிலையில் எப்படி அவ்வளவு நன்றாகப் பாடியது என்பதை வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். வயர் இழுத்தவர் எங்கள் ரிசீவரை 'ஆல் சேனல் ஸ்டீரியோ' என்ற மோடில் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஐந்து ஸ்பீக்கரும் ஓடுகின்றன என்று வாடிக்கையாளருக்குக் காட்ட அதுதான் எளிய வழி. அந்த மோடில் இடது தடம் முன் இடது ஸ்பீக்கரிலும் பின் இடது ஸ்பீக்கரிலும் ஒரே சமயத்தில் ஒலிக்கும், வலதும் அப்படியே, நடுவில் இருப்பது இரண்டையும் கூட்டிப் பாடும். வீட்டில் விசேஷம் நடக்கும்போது எல்லா மூலைக்கும் பாட்டுப் போய்ச் சேர வேண்டும் என்றால் அந்த மோடு நல்லது. உட்கார்ந்து கவனித்துக் கேட்பதற்கு அது ஆகாது. கடையில் பின் ஸ்பீக்கரும் நடு ஸ்பீக்கரும் இணைக்கப்படாததால்தான் அங்கே பாட்டுத் தெளிந்து நின்றது.

ஏன் ஆகாது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு எல்லாச் சிக்கலும் இந்த ஓர் இடத்தில்தான் அவிழ்ந்தது. ஸ்டீரியோவின் அடிப்படைகளை 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு எழுதிக் கொடுத்தவர் இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனத்தில் பணியாற்றிய ஆலன் புளும்லைன் என்ற பொறியாளர். நமக்கு இரண்டு காதுகள். முன்னால் இரண்டு ஸ்பீக்கர்கள். இவற்றைக் கொண்டே இசைக்கலைஞர்கள் ஆளுக்கோர் இடத்தில் நிற்பதுபோல் காட்டிவிடலாம் என்பதுதான் அதன் சாரம். பாடகரின் குரலை இரண்டு தடங்களிலும் சம அளவில் பதிவு செய்கிறார்கள். இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் அது ஒரே நேரத்தில், ஒரே அளவில் காதுக்கு வரும்போது, மூளை அந்தக் குரலை நட்ட நடுவில், ஸ்பீக்கரே இல்லாத இடத்தில் வைத்துக் கேட்கிறது. இடது தடத்தில் சற்றுக் கூடுதலாக இருக்கும் வாத்தியம் இடப்பக்கம் நகர்ந்து நிற்கிறது. இசையமைப்பாளரும் ஒலிப்பதிவாளரும் ஸ்டுடியோவில் இரண்டு ஸ்பீக்கருக்கு முன் உட்கார்ந்து, எது எங்கே நிற்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்த இடங்கள் அவை. அதே ஒலி பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வரத் தொடங்கினால் அந்த இடங்கள் கலைந்துவிடுகின்றன.

எங்கள் வீட்டில் அது மேலும் மோசமாக இருந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. ஒலி ஓர் அடியைக் கடக்க ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி ஆகிறது. முன் ஸ்பீக்கர்கள் சோபாவிலிருந்து பத்தரை அடி தள்ளி இருந்தன. பின் ஸ்பீக்கர்கள் சோபாவின் இரு கைகளுக்கு மேலே மூன்றடி தூரத்தில் இருந்தன. ஆகவே ஒரே குரல் பின்னாலிருந்து ஆறு மில்லி விநாடிக்கு மேல் முந்தி வந்தது. ஒரே ஒலி இரண்டு திசைகளிலிருந்து சில மில்லி விநாடி இடைவெளியில் வந்தால், முதலில் வந்த திசையையே நம் மூளை அந்த ஒலியின் இருப்பிடமாக எடுத்துக்கொள்கிறது. 1949-இல் ஹெல்முட் ஹாஸ் தம் ஆய்வில் இதை விரிவாகப் பதிவு செய்தார். அப்பாவுக்குப் பின்சுவரிலிருந்து பாட்டுக் கேட்டதன் காரணம் இதுதான். இந்தத் தூரங்களை எல்லாம் ரிசீவரிடம் சொல்லிவிட்டால், அருகில் இருக்கும் ஸ்பீக்கரை அது தாமதப்படுத்தி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டு வந்து சேர்த்துவிடும். அதைத் தானாக அளப்பதற்கென்றே பெட்டியோடு ஒரு சிறிய மைக் தருகிறார்கள். நான் பரணிலிருந்து அட்டைப் பெட்டியை இறக்கிப் பார்த்தேன். பதினைந்து மாதத்துக்குப் பிறகும் அந்த மைக் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் அப்படியே கிடந்தது. ஆகவே, உங்கள் வீட்டில் வந்து மாட்டிக் கொடுப்பவர் அந்த மைக்கை வெளியே எடுத்து அளந்து முடிக்கும் வரை அவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். அளக்கும்போது மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிட வேண்டும். மைக்கைச் சோபா மேல் போடாமல், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் ஒரு ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். அளந்து முடியும் வரை யாரும் பேசக்கூடாது.

அன்று இரவே ஒவ்வொரு மோடாக மாற்றிக் கேட்கத் தொடங்கினேன். டால்பி பெயரில் இருந்த சரவுண்ட் மோடுக்குப் போனதும் பாடகரின் குரல் அடியோடு மறைந்துவிட்டது. வாத்தியங்கள் ஓடின, கோரஸ் பின்னால் லேசாகக் கேட்டது, பாட வேண்டியவரைக் காணோம். ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போய் நல்ல செட்டைக் கெடுத்துக் கொண்டு வந்துவிட்டேனோ என்று எனக்குக் கை நடுங்கிவிட்டது. அரை மணி நேரம் கழித்துத்தான், ரிசீவரைத் திரும்ப மாட்டியபோது நடு ஸ்பீக்கரின் வயர் முனைக்குள் சரியாகப் போகாமல் வெளியே தொங்குவதைப் பார்த்தேன். அந்தச் சிறு தவறு எனக்கு ஒரு பெரிய விஷயத்தைக் காட்டிக் கொடுத்தது. இந்த வகை மோடுகள், இரண்டு தடத்திலும் சமமாக இருக்கும் ஒலியை எல்லாம் உருவி நடு ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடுகின்றன. ஒன்றுக்கொன்று எதிர்மாறாக இருப்பதைப் பின்னால் தள்ளுகின்றன. 1987-இல் வந்த டால்பி புரோலாஜிக் காலத்திலிருந்தே அடிப்படை இதுதான். படத்துக்கு இது மிகவும் பொருத்தம், ஏனென்றால் வசனம் திரையிலேயே நிற்கும். பாட்டிலோ, எல்லாருக்கும் முன்னால் நிற்க வேண்டிய குரல், டிவிக்குக் கீழே அலமாரிக்குள் படுத்திருக்கும் ஒரு சிறு பெட்டிக்குள் போய் ஒடுங்கிவிடுகிறது. நம் ஊரில் அசெம்பிள் செட்டுகளில் போடும் எளிய புரோலாஜிக் போர்டுகளும் ஏறத்தாழ இதையே செய்கின்றன: இடதையும் வலதையும் கூட்டி நடுவுக்கு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பின்னுக்கு. அப்படிப்பட்ட செட்டில் பின் ஸ்பீக்கர்களில் குரல் இல்லாமல் எதிரொலி மட்டும் கேட்டால் அது பழுதன்று. கழித்தலில் குரல் அடிபட்டுப் போகிறது, அவ்வளவுதான். ஆனால் உங்களுக்கு ஏதாவது ஒரு மோடில் மட்டும் குரல் மெலிந்தோ மறைந்தோ போனால், வேறு எதையும் தொடுவதற்கு முன் நடு ஸ்பீக்கரின் வயரைப் பாருங்கள்.

கடைசியில் ரிமோட்டில் வெறுமனே 'ஸ்டீரியோ' என்று எழுதியிருந்த பொத்தானை அழுத்தினேன். நடுவும் பின்னும் அடங்கின. முன்னால் இருக்கும் இரண்டு மட்டும் பாடின. குரல் முன்னால் வந்துவிட்டது. ஆனால் கனம் இல்லை. சப் ஊஃபர் இன்னும் மௌனமாகத்தான் இருந்தது. இதன் காரணம் ரிசீவரின் ஸ்பீக்கர் அமைப்பில் இருந்தது. எங்கள் ரிசீவரில் முன் ஸ்பீக்கர்கள் 'லார்ஜ்' என்று இருந்தன. அப்படி இருந்தால், அடித்தள ஒலி முழுவதையும் இவையே பார்த்துக்கொள்ளும் என்று நம்பி, ரிசீவர் பாட்டின் கீழ் ஒலிகளைச் சப் ஊஃபருக்குப் பிரித்துக் கொடுப்பதில்லை. படத்துக்கென்று தனியாக வரும் ஆறாவது தடத்தை மட்டும் அது சப் ஊஃபருக்கு அனுப்பும். அதனால்தான் படத்தில் அதிர்ந்தது பாட்டில் அடங்கியிருந்தது. மூன்று அங்குலக் கூம்பு உள்ள எங்கள் சிறிய ஸ்பீக்கர்களால் அந்தக் கீழ் ஒலியைத் தரவே முடியாது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ் வரை, அதாவது விநாடிக்கு 41 அதிர்வு வரை இறங்குகிறது. 'ஸ்மால்' என்று மாற்றி, பிரிக்கும் எல்லையை 120 ஹெர்ட்ஸில் வைத்தேன்; அதற்குக் கீழே உள்ளவை சப் ஊஃபருக்குப் போகும். சற்றுப் பெரிய ஸ்பீக்கராக இருந்தால் 80 ஹெர்ட்ஸ் பொதுவாகச் சரியாக வரும். சப் ஊஃபரின் முதுகிலும் இதே எல்லையை வைப்பதற்கு ஒரு குமிழ் இருக்கும். பிரிப்பதை ரிசீவர் செய்யும்போது அந்தக் குமிழை உச்சத்துக்குத் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே ஒலி இரண்டு முறை வெட்டுப்பட்டு நடுவில் ஒரு பள்ளம் விழும். அந்த 34,000 ரூபாய் ஸ்பீக்கர்களை வாங்கும் முன் இந்த ஒரு வார்த்தையை மாற்றிப் பார்த்திருந்தால் எனக்கு 13,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

இங்கேயே ஓர் எச்சரிக்கை. 'டைரக்ட்', 'பியூர் டைரக்ட்' என்ற பெயர்களில் மோடுகள் உண்டு; பாட்டுக்கு அவைதாம் தூய்மையானவை என்று பலரும் சொல்வார்கள். பல ரிசீவர்களில் அவை இந்தப் பிரிப்பையும், மைக் வைத்து அளந்து செய்த திருத்தத்தையும் சேர்த்து விலக்கிவிடுகின்றன. ஆளுயரப் பெரிய ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு அது நன்மையாக இருக்கலாம். எங்களைப் போன்ற சிறிய செட்டில் அதைப் போட்டால் சப் ஊஃபர் மறுபடியும் அடங்கிப் பாட்டுத் தகர டப்பா போலாகிவிடும். சிறிய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் சாதாரண ஸ்டீரியோ மோடிலேயே இருங்கள்.

இவ்வளவு செய்த பிறகும் குரல் நடுவில் குவியவில்லை. கடையில் பார்த்த அந்தப் பாடகி எங்கள் ஹாலுக்கு வரவில்லை. இரண்டு நாள் கழித்து, பழைய மோனோ பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு முன் இடது ஸ்பீக்கரின் வயரில் சிவப்பையும் கறுப்பையும் சும்மா மாற்றிச் செருகிப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபையரை நிறுத்திவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். திரும்பப் போட்டதும், அதுவரை ஹால் முழுக்கப் புகை மாதிரி பரவியிருந்த குரல் ஒரு புள்ளியில் வந்து நின்றது. கூடவே கனமும் வந்தது. வயர் இழுத்தவர் சுவருக்குள் எங்கோ முனையை மாற்றி இணைத்திருக்கிறார். ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னே வரும்போது மற்றதன் கூம்பு பின்னே போனால், கீழ் ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், நடுவில் நிற்க வேண்டியதற்கு இடம் இல்லாமல் போகும். நான் ஸ்பீக்கரை மாற்றினேன், புது வயரையும் சுவரிலிருந்து வந்த பழைய முனையோடுதான் இணைத்தேன். தவறு சுவருக்குள்ளேயே இருந்ததால் எதை மாற்றியும் அது போகவில்லை. உங்கள் வீட்டில் சந்தேகம் இருந்தால், வயரை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றி, ஒன்றரை வோல்ட் பேட்டரியின் கூட்டல் முனையைச் சிவப்புக்கும் கழித்தல் முனையைக் கறுப்புக்கும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரின் பெரிய கூம்பு வெளிப்பக்கம் நகர்ந்தால் சரி. உள்ளே போனால் எங்கோ மாறியிருக்கிறது.

பிறகு இடம். டிவி அலமாரியின் மேல் இரண்டு ஸ்பீக்கரும் நான்கடி இடைவெளியில் இருந்தன. பத்தரை அடி தூரத்திலிருந்து பார்த்தால் அது 22 பாகைதான் வருகிறது. முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் கேட்பவரோடு சேர்ந்து ஒரு சமபக்க முக்கோணமாக, அதாவது 60 பாகையில் இருக்க வேண்டும் என்பது ஸ்டீரியோவுக்கு நெடுங்காலமாக உள்ள கணக்கு. 5.1-க்கு வகுத்த சர்வதேச அமைப்பு முறையும் முன் இரண்டையும் இதே இடத்தில்தான் வைக்கச் சொல்கிறது. ஆகவே பாட்டுக்குச் சரியாக வைத்தால் படத்துக்குக் கெடுதி இல்லை. எங்கள் ஹால் 16-க்கு 11 அடி. ஸ்பீக்கர்களை அலமாரியிலிருந்து இறக்கிக் காது உயர ஸ்டாண்டுகளில் எட்டடி இடைவெளியில் நிறுத்தி, பின்சுவரோடு ஒட்டியிருந்த சோபாவை இரண்டடி முன்னே இழுத்தேன். ஏறத்தாழ 50 பாகை கிடைத்தது. சோபாவைச் சுவரை விட்டு இழுத்ததில் இன்னொரு நன்மையும் கிடைத்தது: சுவரோரம் தேங்கி நிற்கும் கீழ் ஒலியின் கும்மென்ற இரைச்சல் பாதியாகக் குறைந்தது. டைல்ஸ் தரையில் ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்தேன். அது மேல் ஒலிகளின் பளபளப்பைத்தான் சற்று அடக்கும், கீழ் ஒலியை ஒன்றும் செய்யாது. ஆனாலும் 'ச', 'ஸ' எழுத்துகள் காதில் குத்துவது குறைந்தது. ஹாலின் நடுவே சோபா வந்து நிற்பது என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. நடப்பதற்கு இடைஞ்சல் என்று அவள் சொன்னது நியாயம்தான். பகலில் சுவரோடு தள்ளிவிட்டு மாலையில் இழுத்துக்கொள்வது என்று பேசி முடித்தோம். சோபா நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் இரண்டு சிறிய டேப் துண்டுகள் ஒட்டிக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஸ்டீரியோவுக்கு உள்ள ஒரு குறையையும் மறைக்கக்கூடாது. நடுவில் உட்காருபவருக்குத்தான் பாடகர் நடுவில் நிற்பார். ஓர் அடி நகர்ந்து உட்கார்ந்தாலே குரல் அருகில் இருக்கும் ஸ்பீக்கரை நோக்கிச் சாயும். குடும்பத்தோடு நான்கு பேர் சோபா முழுக்க உட்கார்ந்து கேட்கும்போது நான் சரவுண்ட் மோடையே போடுகிறேன். நடு ஸ்பீக்கர் இருப்பதால் ஓரத்தில் இருப்பவர்களுக்கும் குரல் டிவிப் பக்கமே நிற்கிறது. 2000-இல் வந்த டால்பி புரோலாஜிக் 2 உள்ள ரிசீவராக இருந்தால் அதில் 'மியூசிக்' என்ற உட்பிரிவும், அதற்குள் 'சென்டர் விட்த்' என்ற ஓர் அமைப்பும் இருக்கும். அதைக் கூட்டினால் குரல் ஒரு பெட்டிக்குள் ஒடுங்காமல் முன் ஸ்பீக்கர்களுக்கும் பரவும். புதிய ரிசீவர்கள் சிலவற்றில் 'சென்டர் ஸ்ப்ரெட்' என்ற பெயரில் இதே வசதி உண்டு. மேலும், ஆறு தடங்களுக்கோ, தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் அட்மாஸ் முறைக்கோ என்றே கலந்து வெளியிட்ட இசை இருக்கிறது. அதை எல்லா ஸ்பீக்கரிலும்தான் கேட்க வேண்டும், அதில் பின்னால் வருவதெல்லாம் யோசித்து வைத்தது. நான் சொல்வது இரண்டு தடத்தில் பிறந்த பாட்டைப் பற்றி மட்டுமே.

அப்பாவின் பாட்டுகளில் பெரும்பகுதி மோனோ. அவற்றில் இடமும் வலமும் ஒன்றே. சரவுண்ட் மோடில் போட்டால் மொத்தப் பாட்டும் நடு ஸ்பீக்கருக்குள் போய்விடும், மற்றவை ஊமையாக இருக்கும். செட்டுப் பழுது என்று இதற்காகவும் சிலர் கடைக்குத் தூக்கிப் போகிறார்கள். கொள்கையளவில் மோனோ பாட்டு ஒரு ஸ்பீக்கரில் வருவது தவறன்று, அக்காலத்தில் எல்லாரும் ஒரே பெட்டியில்தான் கேட்டார்கள். நடு ஸ்பீக்கர் தரமானதாக, அலமாரிக்குள் அடைபடாமல் இருந்தால் அப்படியே கேட்கலாம். எங்களுடையது சிறியது என்பதால் அவருக்கும் ஸ்டீரியோ மோடுதான். இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து, சௌந்தரராஜனை நடுவில் ஆள் உயரத்தில் நிறுத்துகின்றன.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. எல்லாம் சரி செய்த வாரத்திலேயே ஒருநாள் மாலை பாட்டு மறுபடியும் கெட்டுப் போய் ஒலித்தது. செல்பேசிக்கு வைத்த மோடு வேறு, டிவி வழியாக வரும்போது இருக்கும் மோடு வேறு என்பது அப்போதுதான் தெரிந்தது. எங்கள் ரிசீவர் ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியாக மோடை நினைவில் வைக்கிறது. டிவி, செல்பேசி, பென் டிரைவ் என மூன்றிலும் தனித்தனியாகப் பாட்டைப் போட்டு ஸ்டீரியோ பொத்தானை அழுத்தி வைத்தேன். டிவிக்குள்ளேயே 'வர்ச்சுவல் சரவுண்ட்' என்ற ஒன்று இயங்கிக்கொண்டிருந்தது, அதையும் நிறுத்தினேன். ரிசீவரில் இரவு நேரத்துக்கென்று இருக்கும் ஒலிச் சமன் வசதியும் ஓடிக்கொண்டிருந்தது. மெல்லிய ஆலாபனையையும் உச்சஸ்தாயியையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும் அதையும் பாட்டுக்கு அணைத்தேன்.

ரிமோட்டில் நாற்பத்திரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்த பிறகும் அந்தச் சிறு எழுத்துகள் தெரிவதில்லை. என் மகள் தன் சிவப்பு நகப்பூச்சை எடுத்து ஸ்டீரியோ பொத்தானின் மேல் ஒரு சொட்டு வைத்தாள். காய்ந்ததும் அது தடவினால் தெரியும் அளவுக்குப் புடைத்து நின்றது. இப்போது ஆறு மணிக்கு அப்பாவே சோபாவை டேப் வரைக்கும் இழுத்துக்கொண்டு, கட்டைவிரலால் அந்தப் பொட்டைத் தேடி அழுத்திவிட்டுத்தான் உட்காருகிறார்.